சொல்வதெழுதற் பரீட்சை

சொல்வதெழுதல் என்பது பாடசாலைப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த ஒரு பயிற்சி. ஆசிரியர் ஒரு பகுதியை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். பிள்ளை காதாற் கேட்டதைக் கையால் எழுதும். பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக் கொடுப்பார். பிள்ளை கற்ற மொழியிலன்றிக் கல்லாத மொழியிற் சொல்வதெழுதல் கொடுக்கும் ஆசிரியர் எவரும் இலர். ஆனால், ஒருவன் கல்லாத மொழி எதுவென்று தேடியறிந்து, அம்மொழியிலேயே அவனுக்குச் சொல்வதெழுதல் வைத்து, எழுதமாட்டாது விழித்து நின்றவனைச் சிறையிலிட்டு நாடுகடத்துவதற்கு ஒரு தேசம் சட்டம் இயற்றி வைத்திருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. அத்தேசம் அவுஸ்திரேலியா.

வெளியாரைக் கண்டு ஒரு சமுதாயம் கொள்ளும் அச்சம் உலகிற் புதியதன்று. அவ்வச்சத்தை வெளிப்படையாகச் சொல்ல நாணிய ஒரு சமுதாயம், அதனை ஒரு பரீட்சைத் தாளின் பின்னே மறைத்து வைத்த வரலாறே இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது.

அவுஸ்திரேலியாவில் ஆங்கிலேயரின் குடியேற்றம் 1788ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அக்கண்டம் ஆதிக்குடிகளின் இல்லமாய் இருந்தது. ஆகவே, தமக்குப் பின் வந்தோரைக் கண்டு நடுங்கியவர்கள் தாமும் நேற்று வந்தவர்களே. 1851ஆம் ஆண்டில் விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் பொன் கண்டெடுக்கப்பட்டது. செய்தி பரவவே, உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் திரண்டனர். தென் சீனத்திலிருந்தும் பல்லாயிரவர் வந்தனர். சீனர் கூட்டமாக வாழ்ந்தனர், சிக்கனமாக உண்டனர், மற்றவர் கைவிட்டுச் சென்ற குழிகளை மீண்டும் அரித்துப் பொன் எடுத்தனர். பிறர் கழித்த மண்ணிற் பொன் எடுத்ததே அவர்கள் மீது பகைமையை வளர்த்தது எனலாம்.

1855ஆம் ஆண்டில் விக்டோரியா அரசாங்கம், வந்திறங்கும் சீனர் ஒவ்வொருவருக்கும் பத்துப் பவுண் வரி விதித்தது. கப்பலின் பத்துத் தொன் நிறைக்கு ஒரு சீனருக்கு மேல் ஏற்றலாகாது என்றும் விதித்தது. சீனரோ அயலிலுள்ள தென் அவுஸ்திரேலியாவின் றோப் என்னும் சிறு துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து பொன்வயல்களுக்கு நூற்றுக்கணக்கான மைல் தூரம் கால்நடையாகச் சென்றனர். 1861ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸின் லாம்பிங் பிளற் என்னுமிடத்தில் வெள்ளையர் கூட்டமொன்று சீனரின் கூடாரங்களைக் கொளுத்தி, உடைமைகளைக் கொள்ளையிட்டு, அவர்களை அடித்துத் துரத்தியது. கலகம் அடங்கியபின் அரசாங்கம் செய்தது யாதெனில், சீனரின் வருகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியமையே.

வடக்கே குவீன்ஸ்லாந்தின் கதை வேறு. அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டனர். 1863ஆம் ஆண்டுமுதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் காலத்தில், பசிபிக் தீவுகளிலிருந்து 60,000க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களின் பேரில் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். சிலர் விரும்பி வந்தனர். சிலர் ஏமாற்றி ஏற்றப்பட்டனர். சிலர் பலவந்தமாகவே பிடித்து வரப்பட்டனர். 1882ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்தும் சில நூறு சிங்களத் தொழிலாளர் அங்கு கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் பண்டபேர்க் நகரில் இறங்கியபோது அவ்வூர் வெள்ளைத் தொழிலாளர் எதிர்ப்புக் காட்டிக் கைகலப்பில் இறங்கினர்.

இவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்லிவிடுதல் நியாயமாகாது. வாயற்ற ஆட்களைக் குறைந்த கூலிக்குக் கொண்டுவந்து, உள்ளூர்த் தொழிலாளியின் வேதனத்தைக் கீழே தள்ளிய தோட்ட முதலாளிகள் இருந்தது மெய். உழைப்பாளி தன் கூலி குறையுமென்று அஞ்சியதில் வியப்பில்லை. ஆனால் அந்த அச்சம், ஆளைக் கொண்டுவந்த முதலாளியின்மீது திரும்பாது, கொண்டுவரப்பட்ட ஆளின்மீதே திரும்பியது. சம வேலைக்குச் சம வேதனம் என்று சட்டம் செய்திருந்தால் அவ்வச்சத்தின் பெரும் பகுதி தானே அகன்றிருக்கும். அவ்வழியை நாடாது, தோலின் நிறத்தையே குற்றமாக்கும் வழியை நாடினர்.

1901 சனவரி முதலாந் திகதி ஆறு குடியேற்ற நாடுகள் இணைந்து அவுஸ்திரேலியப் பொதுநலவாயம் உதயமாயிற்று. அப்பொழுது அதன் குடித்தொகை ஏறக்குறைய 37 இலட்சம். அதிற் சீனர் ஏறக்குறைய 30,000 பேர். புதிய பாராளுமன்றம் தன் முதலாண்டிலேயே எடுத்துக்கொண்ட பெரிய அலுவல், இனி வெள்ளையரல்லாதார் வராமற் தடுப்பதாகும். ஆயினும் ஒரு சங்கடம் இருந்தது. அவுஸ்திரேலியா பிரித்தானிய சாம்ராச்சியத்தின் ஒரு பகுதி. அச்சாம்ராச்சியத்தின் குடிகளுள் மிகப் பலர் இந்தியர். சாதி, நிறம், சமயம் பற்றிய பேதம் பாராட்டப்படாது என்னும் வாக்குறுதியை 1858ஆம் ஆண்டின் பிரகடனத்தில் விக்டோரியா மகாராணியார் இந்தியருக்கு அளித்திருந்தார். யப்பானோடு நட்புடன்படிக்கை செய்துகொள்ளவும் பிரித்தானியா அப்பொழுது முயன்றுகொண்டிருந்தது. ஆகவே, ஆசியர் வரலாகாது என்று சட்டப் புத்தகத்தில் எழுதிவைப்பதை இலண்டன் விரும்பவில்லை. செய்வதைச் செய்யலாம், சொல்லாமற் செய்யவேண்டும் என்பதே இலண்டனின் கருத்து.

சொல்லாமற் செய்வதற்கான உபாயம் முன்னரே தென்னாபிரிக்காவின் நேட்டால் குடியேற்ற நாட்டிற் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அங்கும் கரும்பே காரணம். 1860ஆம் ஆண்டில் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் சென்னையிலிருந்தே புறப்பட்டது. அதிற் சென்றோருட் பலர் தமிழர். முப்பத்தைந்து ஆண்டுகளில் இந்தியரின் தொகை வெள்ளையரின் தொகையை எட்டிப் பிடிக்கலாயிற்று. 1897 சனவரியில், இந்தியப் பிரயாணிகள் நிறைந்த இரு கப்பல்கள் டர்பன் துறைமுகத்தில் வாரக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டபின் கரைக்கு வந்தபோது, இறங்கியோருள் ஒருவரான இளம் பாரிஸ்டர் மோகனதாஸ் காந்தியை வெள்ளையர் கும்பலொன்று தெருவில் வைத்துத் தாக்கியது. அவ்வாண்டிலேயே நேட்டால் ஒரு சட்டம் இயற்றிற்று. அச்சட்டத்தில் இந்தியர் என்ற சொல்லே வராது. குடியேற விரும்புபவர் ஐரோப்பிய மொழியொன்றில் விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிடவேண்டும், அவ்வளவே. குடியேற்ற நாடுகளின் மந்திரியாயிருந்த யோசப் சேம்பர்லேன் இந்த உபாயத்தைப் பெரிதும் மெச்சி, அதே ஆண்டில் இலண்டனிற் கூடிய பிரதம மந்திரிகளுக்கு ஒரு முன்மாதிரியாக எடுத்துக் காட்டினார்.

அவுஸ்திரேலியப் பாராளுமன்றத்தில் விவாதம் காரசாரமாக நடைபெற்றது. சட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது விவாதப் பொருளன்று; எவ்வளவு வெளிப்படையாக இருக்கவேண்டும் என்பதே விவாதம். ஆசியரையும் ஆபிரிக்கரையும் பெயர் சுட்டியே தடுக்கவேண்டும் என்று தொழிற் கட்சித் தலைவர் வாட்சன் கொண்டுவந்த திருத்தம் சிறிய வாக்கு வித்தியாசத்திற் தோல்வியுற்றது. பரீட்சை ஆங்கிலத்தில் நடைபெறும் என்பதே அரசாங்கத்தின் முதல் எண்ணமாயிருந்தது. ஆனால் ஆங்கிலம் படித்த இந்தியரும் யப்பானியரும் எளிதிற் தேறிவிடுவார்களே! எனவே ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழி என்று அது மாற்றப்பட்டது. மொழியைத் தெரிவு செய்பவர் பரீட்சை எழுதுபவரல்லர், உத்தியோகத்தர்.

அவ்விவாதத்தில் அல்பிறட் டீக்கின் கூறிய ஒரு கருத்து நினைவிற் கொள்ளத்தக்கது. அந்நிய இனத்தாரின் தீய குணங்கள் அல்ல, அவர்களுடைய நற்குணங்களே ஆபத்தானவை என்றார் அவர். ஓயாத உழைப்பும், சகிப்புத் தன்மையும், குறைந்த செலவில் வாழும் வல்லமையுமே அவர்களைப் பயங்கரமான போட்டியாளராக்குகின்றன என்பது அவர் வாதம். இழிந்தவர் என்று சொல்லி ஒதுக்குவோர் பலரிடையே, நம்மை வென்றுவிடுவார் என்று அஞ்சியே ஒதுக்குகிறோம் என ஒப்புக்கொண்டவர் அவர். பின்னர் அவர் அந்நாட்டின் பிரதம மந்திரியானார்.

1901ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறியது. உத்தியோகத்தர் ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பகுதியை வாசிப்பார். வந்தவர் அதைப் பிழையின்றி எழுதிக் கையொப்பமிட வேண்டும். எழுதாதவர் தடுக்கப்பட்ட குடிவரவாளர்; ஆறு மாதம்வரை சிறையும் அதன்பின் நாடுகடத்தலும் அவருக்கு விதிக்கப்படலாம். பரீட்சை துறைமுகத்தோடு முடிவதன்று. இறங்கி ஓராண்டுவரை எப்பொழுதும் வைக்கலாம் என்று முதலில் இருந்தது. 1932ஆம் ஆண்டில் அக்காலம் ஐந்தாண்டாக நீட்டப்பட்டது. யப்பான் மனவருத்தம் தெரிவித்ததன் பேரில், 1905ஆம் ஆண்டில் ஐரோப்பிய மொழி என்பது விதிக்கப்பட்ட மொழி என்று திருத்தப்பட்டது. ஆனால் ஐரோப்பிய மொழியல்லாத மொழி எதுவும் ஒருபொழுதும் விதிக்கப்படவில்லை.

1902 முதல் 1909 வரை 1,359 பேருக்கு இப்பரீட்சை வைக்கப்பட்டது. தேறியோர் 52 பேர். அவர்களுள் 46 பேர் முதல் இரண்டாண்டுகளிலேயே தேறியவர்கள். உத்தியோகத்தருக்குப் பழக்கம் ஏற்பட்டபின் மிகச் சிலரே தேறினர். 1909ஆம் ஆண்டுக்குப் பின் அப்பரீட்சையிற் தேறியவர் ஒருவருமிலர். விரும்பப்பட்ட குடியேறிகளுக்கு அது வைக்கப்படவே இல்லை. வைக்கப்பட்டதென்றால் தோற்பதற்காகவே வைக்கப்பட்டது. பிரெஞ்சு தெரிந்தவருக்கு ஜெர்மனும், ஜெர்மன் தெரிந்தவருக்கு வேறொன்றும் கிடைக்கும்.

அந்நாட்டிற் பல ஆண்டுகள் வாழ்ந்து, கடை வைத்து, குடும்பம் நடத்திவந்த சீனரும் இந்தியரும் தாய்நாடு சென்று பெற்றோரைப் பார்த்துவர விரும்பினால், திரும்பி வரும்போது இப்பரீட்சைக்கு உட்படாதிருக்க முன்கூட்டியே ஒரு விலக்குப் பத்திரம் பெறவேண்டும். அப்பத்திரத்தில் அவருடைய நேர்முகப் படமும் பக்கவாட்டுப் படமும் ஒட்டப்படும். பின்புறத்தில் மையிற் தோய்த்த கையின் பதிவும் எடுக்கப்படும். குற்றவாளிக்குச் செய்வதைக் குடியானவனுக்கும் செய்தனர்.

யார் உள்ளவர், யார் வெளியார் என்னும் வினா 1908ஆம் ஆண்டில் ஒரு மனிதரின் உருவில் உயர் நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது. யேம்ஸ் மினகன் விக்டோரியாவிற் பிறந்தவர். தாய் வெள்ளைப் பெண், தந்தை சீனர். ஐந்து வயதுப் பிள்ளையாகத் தந்தையோடு சீனா சென்றவர், முப்பத்தொரு வயதில், பிறந்த நாட்டுக்குத் திரும்பினார். ஆங்கிலம் மறந்துபோயிற்று. சுங்க உத்தியோகத்தர் சொல்வதெழுதல் வைத்தனர், அவர் தோற்றார், தடுக்கப்பட்ட குடிவரவாளர் என்று வழக்குத் தொடரப்பட்டது. தம் நாட்டுக்குத் திரும்பி வருபவர் குடிவரவாளராகார் என்று நீதிபதிகள் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தனர். மொழி மறக்கலாம், உடை மாறலாம், முகம் பிறர் எதிர்பார்த்தபடி இல்லாதிருக்கலாம். வீடு வீடுதான் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆனால் மினகனைப் போல உயர் நீதிமன்றம்வரை செல்ல எல்லோருக்கும் இயலுமா?

ஆசியரைத் தடுக்க எழுப்பிய மதில் காலப்போக்கில் வேறு சிலரையும் தடுக்கப் பயன்படலாயிற்று. 1934ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எகோன் கிஷ் என்னும் எழுத்தாளர், போருக்கும் பாசிசத்துக்கும் எதிரான மகாநாடொன்றிற் பேசுவதற்கு அவுஸ்திரேலியா வந்தார். அவர் பிராக் நகரத்தவர், வெள்ளையர், ஹிட்லரின் ஆட்சியிற் சிறைப்பட்டு விடுதலையானவர். அவர் வருவதை அரசாங்கம் விரும்பவில்லை. இறங்க அனுமதி மறுக்கப்பட்டதும் மெல்பேண் துறைமுகத்திற் கப்பலிலிருந்து குதித்துக் கால் முறிந்தார். சிட்னியில் நீதிமன்றம் அவரை விடுவிக்கவே, சொல்வதெழுதற் பரீட்சை வெளியே எடுக்கப்பட்டது. ஆனால் இவர் பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர்! நெடிது ஆலோசித்த உத்தியோகத்தர் ஸ்கொத்லாந்தின் கெயிலிக் மொழியைத் தெரிவு செய்தனர். கிஷ் எழுத மறுத்தார், தோற்றவராகக் கொள்ளப்பட்டார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. ஸ்கொத்லாந்துக் கெயிலிக் அச்சட்டத்தின் கருத்துப்படி ஐரோப்பிய மொழியன்று என்று நீதிபதிகள் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தனர். கிஷ் விடுதலையாகிக் கூட்டங்களிற் பேசினார். ஆனால் தங்கள் தொன்மொழிக்கு அவமதிப்பு நேர்ந்துவிட்டதென்று ஸ்கொத்லாந்து வம்சத்தினர் பத்திரிகைகளுக்குச் சீறிக் கடிதம் எழுதினர். அந்நாளிற் சட்டமா அதிபராயிருந்தவர், பிற்காலத்திற் பிரதம மந்திரியாக நெடுநாள் விளங்கிய றொபேட் மென்சிஸ்.

ஈராண்டு கழித்து இதைவிட விசித்திரமான சம்பவம் ஒன்று நிகழ்ந்தது. இந்தியாவிற் பிறந்த மேபெல் பிறீர் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1936ஆம் ஆண்டில் வந்திறங்கியபோது, விவாகமான ஓர் இராணுவ உத்தியோகத்தரோடு அவர் கொண்டிருந்த உறவு காரணமாக, ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்ட அவருக்கு இத்தாலிய மொழியிற் பரீட்சை வைக்கப்பட்டது. பெருங் கூச்சல் எழுந்தது. அடுத்த ஆண்டில் அவர் அனுமதிக்கப்பட்டார். வெள்ளைப் பெண்ணொருத்திக்கு அது நேர்ந்தபோதுதான், பரீட்சை நேர்மையற்றது என்பது பலருக்குக் கண்ணிற் பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளாக ஆசியருக்கு வைக்கப்பட்டதும் அதே பரீட்சைதான்.

இரண்டாவது உலக யுத்தம் நிலைமையை அசைத்தது. யப்பானியர் டார்வின் நகரைக் குண்டுவீசித் தாக்கியதும், ஆளில்லாத கண்டத்தைக் காக்க முடியாது என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1945ஆம் ஆண்டில் முதலாவது குடிவரவு மந்திரியான ஆதர் கால்வெல், கிழக்கு ஐரோப்பிய அகதிகளையும் பின்னர் இத்தாலியர், கிரேக்கர் முதலியோரையும் வரவழைக்கத் தொடங்கினார். ஆனால் அவரே, யுத்தக் காலத்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஆசியரை வெளியேற்றுவதிற் பிடிவாதமாயிருந்தார். அன்னி ஓகீவ் என்னும் இந்தோனேசிய மாது 1942ஆம் ஆண்டிற் கணவரோடும் பிள்ளைகளோடும் தப்பி வந்தவர். கணவர் நேச நாடுகளின் சேவையில் உயிரிழந்தார். பின்னர் அவர் ஓர் அவுஸ்திரேலியரை மணந்தார். அவரையும் வெளியேறப் பணித்தனர். 1949ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. அதற்குச் சட்டத்தரணிகள் காட்டிய வழியோ வேடிக்கையானது: அவருக்குச் சொல்வதெழுதற் பரீட்சை ஒருபோதும் வைக்கப்படவில்லை, ஆகவே அவர் தடுக்கப்பட்ட குடிவரவாளராக ஆகவேயில்லை. அவர் அந்நாட்டிலேயே தங்கினார். அயலவரும் பத்திரிகைகளும் அவர் பக்கம் நின்றமை கவனிக்கத்தக்கது. பொதுவாக ஆசியரை அஞ்சியவர்களும், பெயரும் முகமும் அறிந்த ஒரு தாயை அஞ்சவில்லை.

1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இப்பரீட்சையை நீக்கியது. பரீட்சை நீங்கியதும் மதில் நீங்கிவிடவில்லை. அனுமதி வழங்கும் உத்தியோகத்தரின் விருப்பமே மதிலாக நின்றது. இலங்கையின் பறங்கியர் இதனை நேரிற் கண்டவர்கள். 1948ஆம் ஆண்டுக்குப் பின்னும், சிறப்பாக 1956ஆம் ஆண்டில் மொழிச் சட்டம் வந்தபின்னும், அவுஸ்திரேலியா செல்ல விரும்பிய பறங்கியர் தம் உடலில் ஓடுவதிற் பெரும்பங்கு ஐரோப்பிய இரத்தம் என்பதை வம்சாவளிப் பத்திரங்களால் நிறுவவேண்டியிருந்தது. பார்வைக்கும் ஐரோப்பியராகத் தோன்றவேண்டியிருந்தது. ஒரே வயிற்றிற் பிறந்தோருள் வெளுத்தவருக்கு அனுமதியும் கறுத்தவருக்கு மறுப்பும் கிடைக்கலாம் என்ற நிலை. சொந்த நாட்டில் ஒரு மொழி காரணமாக இடம் குறுகியவர்கள், புகலிடம் தேடிய நாட்டில் நிறம் காரணமாக அளக்கப்பட்டனர்.

1966ஆம் ஆண்டில் ஹறல்ட் ஹோல்ட் அரசாங்கம் ஐரோப்பியரல்லாதாருக்கான விதிகளைத் தளர்த்தியது. பிரசாவுரிமைக்கு அவர்கள் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது ஐந்தாண்டாகக் குறைந்தது. 1973ஆம் ஆண்டில் விற்லம் அரசாங்கம் குடிவரவிலிருந்து இனம் என்னும் அளவுகோலையே எடுத்துவிட்டது. 1975ஆம் ஆண்டில் இனப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது. அடுத்த ஆண்டிலேயே வியட்நாமிய அகதிகளின் முதற் படகு டார்வினை அடைந்தது.

அச்சம் மட்டும் சட்டத்தோடு சேர்ந்து ஓய்வுபெறவில்லை. 1996ஆம் ஆண்டில் போலின் ஹான்சன் தம் முதற் பாராளுமன்ற உரையில், ஆசியர் வெள்ளம் நாட்டை மூழ்கடித்துவிடும் என்றார். இருபதாண்டுகளுக்குப் பின், 2016ஆம் ஆண்டில் செனற் சபைக்கு வந்தபோது, வெள்ளத்தின் பெயரை முஸ்லிம்கள் என்று மாற்றிக்கொண்டார். அச்சத்தின் வாக்கியம் மாறவில்லை. 2007ஆம் ஆண்டிற் பிரசாவுரிமைக்கு ஒரு பரீட்சை ஏற்படுத்தப்பட்டது. பாடம் முன்கூட்டியே வெளியிடப்பட்டு, பெரும்பாலோர் தேறிவிடும் அப்பரீட்சையைப் பழைய சொல்வதெழுதலோடு ஒப்பிடுதல் பொருந்தாது. ஆனால் 2017ஆம் ஆண்டில், சர்வகலாசாலை புகுவதற்கு வேண்டிய அளவு ஆங்கில அறிவைப் பிரசாவுரிமைக்கும் நிபந்தனையாக்க ஒரு மசோதா கொண்டுவரப்பட்டபோது, பழைய ஐம்பது சொற்களைப் பலர் நினைவுகூர்ந்தனர். அம்மசோதா செனற் சபையில் நிறைவேறாது போயிற்று.

2021ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அவுஸ்திரேலியரில் ஏறக்குறைய நூற்றுக்கு 28 பேர் வெளிநாட்டிற் பிறந்தவர்கள். வீட்டிலே தமிழ் பேசுவோர் 90,000க்கு மேற்பட்டவர். அவுஸ்திரேலியத் தேசிய சுவடிச்சாலையிற் பழைய விலக்குப் பத்திரங்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் பேணப்படுகின்றன. பலவற்றின் பிரதிகளை எவரும் எங்கிருந்தும் பார்க்கலாம். பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் அவற்றைத் தேடி வருகின்றனர். குடும்பத்தில் வேறு படம் ஒன்றும் மிஞ்சாத சிலருக்கு, சுங்க உத்தியோகத்தர் எடுப்பித்த அப்படமும் அக்கையின் மைப்பதிவுமே பாட்டனாரைப் பற்றிக் கிடைக்கும் முதல் அடையாளம்.